திங்கட்கிழமைத் தகடுகள்

திங்கட்கிழமை காலை முதல் ஜிக் தொட்டியிலிருந்து மேலே வந்தபோது பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஜிக் என்பது தகடுகளைத் தொங்கவிடும் கொக்கிச் சட்டம். அதில் உள்ளங்கை அகலத்தில் டைட்டானியத் தகடுகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் முழுக் கறுப்பு, துளி மினுமினுப்பும் இல்லாத கறுப்பு. உதவியாளன் அன்பு அவற்றைக் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். இசைவாணி ஒரு தகட்டை எடுத்து, செல்லோ டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் பிய்த்தாள்.

டேப் கறுப்பாக வந்தது. டேப் இருந்த இடத்தில் தகடு வெள்ளி நிறத்தில் பளிச்சென்று பல்லைக் காட்டியது.

"இன்னா மேடம், இன்னிக்கும் உரிஞ்சிகிச்சா?" என்றான் அன்பு.

"ம்."

"எங்க தெருவுல ஒருத்தன் கீறான் மேடம். ஞாயித்துக்கெழம ஊத்திக்கினான்னா திங்கக்கெழம எழுந்துக்க மாட்டான். செவ்வாக்கெழம பாத்தா ஆளு ஜம்முனு வேலைக்கி வந்துகினு இருப்பான். இந்த டேங்க்கும் அதே கேசுதான்."

அவன் விளையாட்டாகச் சொன்னது ஒரு வகையில் சரியாகவே இருந்தது. திங்கட்கிழமை முதல் ஜிக் உரியும். இரண்டாவது திட்டுத் திட்டாக உரியும். மதியத்துக்கு மேல் எல்லாம் சீராகிவிடும். செவ்வாய் முதல் சனி வரை டேப்பை எத்தனை தடவை இழுத்தாலும் படலம் அசையாது. ஒன்றரை மாதமாக இதே கதை.

அந்தக் கறுப்பு, மாங்கனீசு டை ஆக்சைடு. டார்ச் லைட் செல்லை உடைத்துப் பார்த்தவர்களின் விரலில் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாமல் அடம்பிடிக்குமே, அதே கறுப்புப் பொடிதான். அதை அரைத்துப் பசை போட்டு ஒட்டாமல், மின்சாரத்தைக் கொண்டே தகட்டின் மேல் வளர்த்தெடுப்பதுதான் இந்தத் தொட்டியின் வேலை. அப்படி வளர்ந்த படலம் தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பாஞ்சு போல எங்கு பார்த்தாலும் பொந்துகள். ஒவ்வொரு பொந்தின் சுவரும் மின்சாரம் வந்து உட்கார ஓர் இடம். பஸ் பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியை ஒரே மூச்சில் வாங்கி வைத்துக்கொண்டு, பஸ் மறுபடி கிளம்பும்போது ஒரே மூச்சில் திருப்பித் தருகிற கெபாசிட்டர்களுக்கு இந்தத் தகடுகள்தான் மின்வாய்கள். பேட்டரி நிதானமாகச் சாப்பிட்டு நிதானமாகச் செரிக்கிற ரகம். கெபாசிட்டர் அள்ளி விழுங்கி அப்படியே கக்கிவிடும். விழுங்கிக் கக்குகிற அந்த வேலை லட்சக்கணக்கான முறை நடக்க வேண்டுமானால் படலம் தகட்டைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். டேப்போடு வந்துவிடுகிற படலம் பஸ்ஸில் ஒரு வாரம் தாங்காது.

ஒரகடம் சிப்காட்டில் அந்தக் கம்பெனிக்கு முக்கியத் தொழில் நிக்கல் முலாம். கார், லாரி உதிரி பாகங்கள் கூடை கூடையாக வரும். பளபளவென்று திரும்பிப் போகும். கூடம் முழுக்கப் பச்சை நிறக் கரைசல் நிரம்பிய நிக்கல் தொட்டிகள். கடைசியில் ஓரமாக ஒரே ஒரு தொட்டி மட்டும் வெளிர் ரோஸ் நிறம். அதுதான் இசைவாணியின் தொட்டி.

நிக்கல்காரர்களுக்கு அந்தத் தொட்டி ஒரு தலைகீழ் உலகம். நிக்கலில், பூச வேண்டிய பொருளை மைனசில் மாட்டுவார்கள். கரைந்திருக்கும் நிக்கல் மைனசைத் தேடிப் போய், எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, உலோகமாகி உட்காரும். இங்கே தகட்டைப் பிளஸில் மாட்ட வேண்டும். கரைந்திருக்கும் மாங்கனீசு பிளஸிடம் எலக்ட்ரானைப் பறிகொடுக்கும். பறிகொடுத்த கையோடு தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் கரைய முடியாமல் கறுப்பாகத் தகட்டில் படியும். அங்கே வாங்கிக்கொண்டு உட்காருவது, இங்கே கொடுத்துவிட்டு உட்காருவது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லாமே மாறிவிடும்.

மேனேஜர் லக்ஷ்மிநரசிம்மன் கோபப்படாத மனிதர். கோபப்பட்டிருந்தால் அவருடன் வாதாடியாவது பார்க்கலாம் என்று இசைவாணிக்குத் தோன்றியதுண்டு.

"உக்காருங்க இசைவாணி. அடுத்த திங்கட்கிழமை சாம்சன் வரார். கஸ்டமரோட குவாலிட்டி ஆள். முதல் ஜிக் அவர் கண் முன்னாடி எடுக்கணுமாம்."

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லலாமே சார்."

"கேட்டேனே. 'உங்க திங்கட்கிழமையைப் பாக்கத்தான் வரேன்'னுட்டார். நாம அனுப்பின தகட்டையெல்லாம் தேதிவாரியா வெச்சுண்டு பிச்சுப் பாத்துண்டு இருந்திருக்கார் மனுஷன்."

அவர் தொடர்ந்தார்.

"அன்னிக்கும் உரிஞ்சா ஆர்டர் கிடையாது. டேங்க்கைக் காலி பண்ணி நிக்கல் போட்டுடலாம். எப்படியும் நிக்கலுக்கு இடம் போதலை. உங்களை நிக்கல் லேபுக்கு மாத்திடறேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்கோ."

வேலைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அந்தக் கரைசலை அவள் முதலில் ஒரு கண்ணாடி பீக்கரில் கலக்கியவள். எவ்வளவு அமிலம், எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம் என்று ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்து, பீக்கரிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து தொட்டிக்கும் கொண்டுவந்தவள். பென்னலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களில் ஒருத்தியாக இருந்தவளை ஒரு தொட்டிக்குச் சொந்தக்காரியாக ஆக்கியது அதுதான். அடுத்த திங்கட்கிழமை டேப் சுத்தமாக வந்தால் தொட்டி இருக்கும். கறுப்பாக வந்தால் பச்சையாகிவிடும்.

அவள் தேடாத இடம் இல்லை. பிரச்சினை தொடங்கிய சமயத்தில்தான் புதிய மாங்கனீசு சல்பேட் டிரம் ஒன்று வந்திருந்தது. அதன்மேல் சந்தேகப்பட்டு மூன்று வாரத்தை வீணாக்கினாள். பழைய டிரம்மில் மிச்சமிருந்ததைக் கலக்கினாலும் திங்கட்கிழமை உரிந்தது. தகடுகளை முன்கூட்டியே ஆக்சாலிக் அமிலத்தில் கொதிக்கவைத்துச் சொரசொரப்பாக்குவார்கள். படலம் பற்றிக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டும். சனிக்கிழமை கொதிக்கவைத்த தகடு ஞாயிறு முழுக்கச் சும்மா கிடப்பதால் கெட்டுப்போகிறதோ என்று திங்கட்கிழமை விடிகாலையில் புதிதாகக் கொதிக்கவைத்தாள். அதுவும் உரிந்தது. தண்ணீரில் குளோரைடு இருக்கிறதா, கரைசலில் இரும்பு கலந்திருக்கிறதா, கொக்கி துருவேறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

எல்லாரையும் கேட்டும் பார்த்தாள். இசக்கியப்பனையும்.

இசக்கியப்பன் நிக்கல் பக்கத்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். திசையன்விளைப் பக்கத்துக்காரர். இங்கே வந்து பல வருஷம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் பஸ் ஏறவே இல்லை என்று அன்பு கிண்டல் செய்வான். ஞாயிற்றுக்கிழமை கூடம் நின்றிருக்கும்போது தொட்டிகளைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. ரோஸ் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்த ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால், "இதையும் கொஞ்சம் பாத்துக்குங்கண்ணா" என்று அவரிடம் ஒப்படைத்தது இசைவாணிதான்.

"ஞாயித்துக்கிழமை என் டேங்க்ல எதாவது சேத்தீங்களாண்ணா?"

"நானா? ஒண்ணும் சேக்கலயேம்மா. பில்டர் ஓட்டுதேன், சுத்தம் பண்ணுதேன், மூடி போட்டு மூடிருதேன். அது உங்க சாமான்லா? அதுல நான் எதுக்குக் கைவைக்கப் போறேன்?"

"அண்ணன் சேக்க மாட்டாரு மேடம்" என்றான் அன்பு. "டீக்கே சக்கர சேக்காத ஆளு."

"ஏல, எனக்குச் சுகரு. ஒனக்கு வாயி."

அவர் பொய் சொல்கிற ஆளில்லை என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இசைவாணி அந்தக் கேள்வியை அதோடு விட்டாள்.

சனிக்கிழமை மாலைதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் அவள் தேடியது திங்கட்கிழமையை. திங்கட்கிழமையில் தேட இனி எதுவும் பாக்கி இல்லை. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதைத்தான் அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் ஓடாது. பென்னலூரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இசக்கியப்பன் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு முதல் நிக்கல் தொட்டியருகே நின்றிருந்தார்.

"என்னம்மா, லீவு நாள்லயும்?"

"சும்மாதாண்ணா. நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்."

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது சலிக்காத காட்சி. நிக்கல் பளபளக்க வேண்டும் என்பதற்காகக் கரைசலில் சில கரிமப் பொருள்களைக் கலப்பார்கள். நாள்பட அவை சிதைந்து கசடாகும். அந்தக் கசடு தங்கினால் முலாம் விறைத்து வெடிக்கும். அதைச் சுத்தம் செய்ய ஒரு பழைய வழி உண்டு: ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவது. காயத்துக்குப் போட்டால் நுரைக்குமே, அதே திரவம்தான், இன்னும் காட்டமாக. அது கசடை எரிக்காமல் எரித்துவிடும். பிறகு கரைசலைக் கரி பில்டர் வழியாக ஓட்டினால் எரிந்த மிச்சம் கரியில் தங்கிவிடும். வேலை முடிந்த பெராக்சைடு வெறும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து காணாமல் போகும். தொட்டியில் அதன் தடயம்கூட இருக்காது.

இசக்கியப்பன் நீலக் கேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் பெராக்சைடைப் பிடித்து, தொட்டியின் ஓரமாக நடந்துகொண்டே ஒரே சீராக ஊற்றினார். அடுத்த தொட்டிக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும். கடைசித் தொட்டிக்கு வந்தார். ஜக்கைத் தண்ணீரில் அலசினார், பிடித்தார், ஊற்றினார்.

"டீ குடிச்சாச்சாம்மா? பிளாஸ்க்குல இருக்கு" என்று ஊற்றிக்கொண்டே கேட்டார்.

கை போகிற போக்கில் நடந்துவிட்டதால் இசைவாணிக்கு அது உறைக்கவே ஒரு கணம் ஆயிற்று. அவர் கடைசியாக நின்ற தொட்டி பச்சை இல்லை, ரோஸ்.

"அண்ணா. இப்ப என்ன ஊத்துனீங்க?"

"எது?"

"இதுல. இப்ப."

"பெராக்சைடும்மா."

"ஒண்ணும் சேக்கலைன்னு சொன்னீங்களே."

அவர் ஜக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்வு இல்லை, குழப்பம்தான் இருந்தது. "இது சேக்குததாம்மா? இது தண்ணியாப் போயிரும்லா. வீட்டக் கூட்டுனா, வீட்டுக்குள்ள எதையோ சேத்துட்டோம்னா சொல்லுவாக?"

நிக்கல் தொழிலில் பழகிய யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பிரகாசம் தரும் திரவம் சேர்ப்பது, அமிலம் சேர்ப்பது, உப்பு சேர்ப்பது எல்லாம் சேர்ப்பது. பெராக்சைடு ஊற்றுவது துடைப்பம் போடுவது.

அவள் ரோஸ் கரைசலில் ஒரு ஜக் மொண்டாள். சனிக்கிழமை நல்லபடியாக வந்த கறுப்புத் தகடு ஒன்றை எடுத்து, பாதி முழுகும்படி பிடித்தாள். மூச்சு விடுவதற்குள் தகட்டின் மேல் கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பின.

"சோடா மாதிரில்லா வருது" என்றார் இசக்கியப்பன், குனிந்து பார்த்து.

"ஸ்கூல்ல பண்ணியிருப்பீங்களே அண்ணா. டெஸ்ட் டியூப்ல கறுப்புப் பொடி போட்டு, பெராக்சைடு ஊத்தி, கனல் மட்டும் மிச்சமிருக்கிற ஊதுபத்திய உள்ள விட்டா மறுபடி பத்திக்கும்."

"நான் எட்டாவதோட நிறுத்திட்டேம்மா. ஊதுபத்தி சாமிக்குத்தான் கொளுத்தியிருக்கேன்."

அவள் ஸ்கூலில் செய்திருந்தாள். கல்லூரியில் செய்திருந்தாள். அந்தக் கறுப்புப் பொடியின் பெயர் மாங்கனீசு டை ஆக்சைடு. ஆக்சிஜன் தயாரிப்பு என்று தலைப்புப் போட்டு, படம் வரைந்து, பாகம் குறித்தது. அந்தப் பாடமும் இந்தத் தொட்டியும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் தோன்றவில்லை.

நடப்பது இதுதான். கறுப்புப் படலத்தைத் தொட்டவுடன் பெராக்சைடு உடைந்து ஆக்சிஜன் குமிழிகளைக் கக்குகிறது. தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே குமிழி புகுந்தால் பிடிப்பு போயிற்று. அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் உண்டு. அமிலம் கூடவே இருந்தால் பெராக்சைடு படலத்தையே தின்னும். பிளஸிடம் எலக்ட்ரானைப் பறிகொடுத்துக் கறுப்பான மாங்கனீசுக்கு அதே எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி கரைந்துபோகச் செய்துவிடும். ஒரு பக்கம் மின்சாரம் கட்டக் கட்ட, இன்னொரு பக்கம் பெராக்சைடு இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இடிக்க இடிக்க அதுவும் தீர்ந்துபோகும். முதல் ஜிக்கும் இரண்டாவது ஜிக்கும் பலியானதும் தொட்டி சுத்தமாகிவிடும். மதியத்துக்கு மேல் எல்லாம் சரியானது அதனால்தான். ஒன்றரை மாதத்துக்கு முன், ஒப்பந்த ஆள் போய்த் தொட்டி இசக்கியப்பன் கைக்கு வந்ததிலிருந்துதான் இதெல்லாம்.

"நிக்கல்லயும் பெராக்சைடு மிச்சம் நின்னா ஆகாதும்மா" என்றார் இசக்கியப்பன் மெல்ல. "அதுக்குத்தான் ராத்திரி பூரா ஹீட்டர் போட்டு வெரட்டிருவோம். இதுலயும் அப்படித்தான் போயிரும்னு..." சொல்லிக்கொண்டே ரோஸ் தொட்டியின் ஹீட்டர் பெட்டியைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹீட்டரை நிறுத்திவைக்கச் சொன்னது இசைவாணி. கரைசல் வீணாக ஆவியாகிறது என்று ஆரம்பத்திலேயே போட்ட உத்தரவு. குளிர்ந்த அமிலக் கரைசலில் பெராக்சைடு உடையாமல் பத்திரமாக இருக்கும். அவள் தொட்டியை அதற்குக் குளிர்சாதனப் பெட்டியாக ஆக்கி வைத்திருந்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நாந்தாம் கெடுத்திருக்கேன்" என்றார் அவர்.

"நீங்க பாதி அண்ணா. மீதி நான்."

பழியைப் பங்குபோட்டு முடித்தாயிற்று. தொட்டியில் பெராக்சைடு அப்படியே இருந்தது. மறுநாள் காலை சாம்சன் வருகிறார். லக்ஷ்மிநரசிம்மனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீபெரும்புதூர்க் கோவிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் உட்கார்ந்திருப்பார், போன் வீட்டில் இருக்கும். கரைசலை மாற்றப் புதிய உப்பு கைவசம் இல்லை. ஹீட்டரை இப்போது போட்டாலும் அமிலத்தில் பெராக்சைடு லேசில் உடையாது. காலைக்குள் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. பெராக்சைடை வேகமாக உடைக்க ஒன்றுதான் உண்டு. எது அதனால் கெட்டதோ, அந்தக் கறுப்புப் படலமேதான்.

"அண்ணா, உரிஞ்ச தகடெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சா?"

"எங்க போச்சு? பின்னால மூட்டையாக் கெடக்கு."

இருவரும் மூட்டைகளைப் பிரித்து, தள்ளுபடியான தகடுகளை ஜிக் ஜிக்காக மாட்டித் தொட்டியில் இறக்கினார்கள். மின்சாரம் கொடுக்கவில்லை. ஹீட்டரை மட்டும் போட்டார்கள். தொட்டி சோடா பாட்டிலைத் திறந்ததுபோல இரைந்தது. கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து தகடுகள் வெளுத்துக்கொண்டே வந்தன. கரைந்த மாங்கனீசு வேறெங்கும் போகவில்லை, வந்த இடமான கரைசலுக்கே திரும்பியது. உதிர்ந்த துணுக்குகளைப் பில்டர் பிடித்தது. வெளுத்த தகட்டை எடுப்பதும் கறுத்த தகட்டை மாட்டுவதுமாக நேரம் போயிற்று. வெயில் இறங்குகிற வேளையில் இறக்கிய ஜிக்கில் ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதற்கு மேல் வேறு சோதனை தேவையில்லை.

மறுநாள் காலை லக்ஷ்மிநரசிம்மன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மேசைமேலிருந்த பேனாவை உருட்டினார்.

"சாம்சன்கிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாம். தண்ணி பிளான்ட்டுல கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடுங்கோ. நம்ம ஆளுங்க தொட்டியில கண்டதையும் ஊத்தறான்னு அவர் நினைக்கப்படாது. அதோட, அனுமதி இல்லாம ஊத்தினா சஸ்பென்ஷன்னு ரூல் இருக்கு. எழுத்துல வந்துட்டா இசக்கியப்பனை என்னால காப்பாத்த முடியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இசைவாணி அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சாம்சன் தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். டேப்பைத் தன் பையிலேயே கொண்டுவந்திருந்தார். முதல் ஜிக் ஏறியது, கழுவப்பட்டது, உலர்ந்தது. அவர் தானே ஒரு தகட்டைப் பொறுக்கி, ஒட்டி, இழுத்தார். டேப் கண்ணாடி மாதிரி வந்தது. இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை அதன் ஓரத்தில் ஒட்டிப் பார்த்தார், ஓரம்தான் எப்போதும் முதலில் விட்டுக்கொடுக்கும். அதுவும் அசையவில்லை.

அன்பு பின்னாலிருந்து இசைவாணிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"என்ன மாத்துனீங்க?" என்றார் சாம்சன்.

லக்ஷ்மிநரசிம்மன் இசைவாணியைப் பார்த்தார். தண்ணீர் என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும்; தண்ணீரால் ஒரு தகடும் உரிந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை நிக்கல் டேங்க்குக்குப் பண்ற பெராக்சைடு சுத்தம் இதுக்கும் நடந்திருக்கு சார். நான் ஹீட்டரை நிறுத்தி வெச்சிருந்ததால அது போகாம நின்னுடுச்சு. நேத்துதான் கண்டுபிடிச்சோம்."

"யார் ஊத்துனது?"

"நாந்தாம் சார்" என்றார் இசக்கியப்பன், நிக்கல் பக்கத்திலிருந்து வந்து. "அந்தம்மா பாத்துக்கிடச் சொன்னாக. நான் எனக்குத் தெரிஞ்சபடி பாத்துக்கிட்டேன்."

சாம்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லது. இப்ப ஊத்துங்க."

"என்ன சார்?"

"இந்த டேங்க்ல. இப்ப ஊத்துங்க."

லக்ஷ்மிநரசிம்மன் ஓர் அடி முன்னே வந்தார். சாம்சன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே விளக்கினார். "நல்ல தகடு எனக்கு ஒண்ணும் சொல்லாது சார். உங்க செவ்வாய்க்கிழமை எல்லாம் நல்ல தகடுதான். இன்னிக்கு நல்லா வந்தது, வேற எதனாலயோ தற்செயலா வந்திருக்கலாம். இதுதான் காரணம்னா, இதைப் பண்ணா கெடணும், நிறுத்துனா சரியாகணும். ஸ்விட்ச் மாதிரி. கெடுத்துக் காட்டுங்க, ஆர்டரை எடுத்துக்குங்க."

ஒன்றரை மாதமாக உரியாத தகட்டுக்காகத் தவித்தவள், இப்போது உரிய வேண்டுமே என்று தவிக்க வேண்டியதாயிற்று.

இசக்கியப்பன் ஜக்கோடு வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். "நல்லா இருக்கதத் தெரிஞ்சே கெடுக்கச் சொல்லுதாகளேம்மா" என்று அவளிடம் மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். பிறகு செடிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல ஒரு விரல் அளவு ஊற்றினார்.

அடுத்த ஜிக் இறங்கியது. மின்சாரம் ஓடியது. தகடு மேலே வந்து, உலர்ந்து, மேசைக்கு வந்தது. சாம்சன் டேப்பை இழுத்தார். நாலைந்து கறுப்புப் புள்ளிகள்; மற்றபடி சுத்தம்.

"ம்" என்றார் அவர். அந்த 'ம்' இசைவாணிக்குப் பிடிக்கவில்லை.

தொட்டி சூடாக இருக்கிறது, போட்டது கொஞ்சம், போட்ட கொஞ்சமும் படலம் முழுதாக வளர்வதற்குள் தீர்ந்திருக்கும். இதை விளக்கமாகச் சொல்லலாம். ஆனால் சொல்லிக் கேட்க அவர் வரவில்லை. அவள் ஹீட்டரை அணைத்தாள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்குள் இருந்த குழாய்ச் சுருளில் ஓடவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரைசல் ஆறியதும் இசக்கியப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை எவ்வளவு ஊத்துவீங்களோ அவ்வளவு ஊத்துங்க."

"மனசு கேக்கலயேம்மா."

"உங்களுக்காகவும்தாண்ணா. நீங்க ஊத்தித்தான் இது கெட்டுச்சுன்னு நிரூபிச்சாத்தான் எனக்கு டேங்க் மிஞ்சும். எனக்கு டேங்க் மிஞ்சினா உங்களுக்கு யாரும் சஸ்பென்ஷன் நோட்டீஸ் எழுத மாட்டாங்க."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் நீலக் கேனைத் திறந்து ஜக் நிறையப் பிடித்தார். ஓரமாக நடந்துகொண்டே, ஒரே சீராக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். கை தானாகச் செய்தது.

திங்கட்கிழமைகளில் செய்வதுபோலக் கரைசலைச் சூடேற்றி ஜிக்கை இறக்கினார்கள். மேலே வந்த தகடுகள் முழுக் கறுப்பு. பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இசைவாணி பார்க்காமல் தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டேப் இழுபடுகிற சர்ரென்ற சத்தம் கேட்டது.

"உரிஞ்சிகிச்சு மேடம்" என்றான் அன்பு. அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மொத்தமா வந்துகிச்சு. சட்டையக் கழட்டுன மாதிரி கீது."

லக்ஷ்மிநரசிம்மன், "பெருமாளே" என்று மூச்சு விட்டார். தள்ளுபடித் தகட்டைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாம்சன் கறுத்த டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதைச் சுத்தமான டேப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி மடித்துப் பையில் வைத்தார்.

"பெராக்சைடு கேனை இந்தப் பக்கம் கொண்டுவராதபடி ஒரு பூட்டு போடுங்க" என்றார். "அதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." வாசல் வரை போனவர் திரும்பி, "ஊத்துனவர் பேர் ரிப்போர்ட்ல தேவையில்ல சார். ஊத்துன சாமான் பேர் போதும்" என்று லக்ஷ்மிநரசிம்மனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கெடுத்த தொட்டியை மறுபடி சரிசெய்ய வேண்டும். இசக்கியப்பன் ஒன்றும் சொல்லாமல் உரிந்த தகடுகளை ஜிக்கில் மாட்டத் தொடங்கியிருந்தார். இசைவாணியும் போய் மறுபக்கத்திலிருந்து மாட்டினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு இதுல நான் என்ன பண்ணணும்மா?" என்றார் அவர்.

"பில்டரை ஓட்டுங்க. ஹீட்டர் எரியுதான்னு பாருங்க. அவ்வளவுதாண்ணா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமே பண்ண வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் ஜிக்கை இறக்கினார். தொட்டி இரையத் தொடங்கியது. "சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்குதது இருக்கே, அது எனக்குப் பழக்கமில்லம்மா" என்றார். "ஒரு ரெண்டு மூணு ஞாயிறு நீங்களும் வந்து கூட நில்லுங்க."

வருவதாக அவள் சொன்னாள்.